மண்ணடியில் வாங்கிய ஃப்ரீசர் ஜாக்கெட்டும் கிளவுஸும்

காசிமேடு பக்கம் ஒரு கோல்ட் ஸ்டோரேஜில் மீன், எறா பெட்டி அடுக்குகிற வேலை எனக்கு. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும், கதவைத் தாண்டினால் மைனஸ் 18. மெட்ராஸில் எதுக்குய்யா குளிர் ஜாக்கெட் என்று சிரிக்கிறவர்கள் உள்ளே குளிர்காற்று அடிக்கும் புளோயருக்கு நேரே கொஞ்ச நேரம் நின்று பார்க்கட்டும். அங்கே தருவது பொது ஜாக்கெட். முந்தின ஷிப்ட்காரர் வியர்வை காயாமலே நம் தோளுக்கு வரும். ஈரத் துணியோடு குளிரில் நிற்பதற்குச் சும்மாவே நிற்கலாம். அதனால்தான் சொந்தக் காசில் மண்ணடியில் ஒரு செட் வாங்கினேன்.

கிளவுஸ் பிரமாதம். தடிமனாக இருந்ததை நான் எடுக்கப் போக, கடை பாய், “தம்பி, கனத்தைப் பாக்காதே, நம்பரைப் பாரு” என்றார். பனிப்பூ படத்துக்குப் பக்கத்தில் ஈஎன் 511 என்று ஐரோப்பியத் தரக்குறி இருக்கும், கூடவே மூன்று எண்கள். முதல் எண் குளிர்காற்றுக்கு, இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொடுவதற்கு. இரண்டுக்கும் 4தான் உச்சம். மூன்றாவது தண்ணீருக்கு: 1 என்றால் உள்ளே இறங்காது, 0 என்றால் இறங்கிவிடும். நான் வாங்கியது 2, 3, 1. நாள் முழுக்க இரும்பு ரேக்கையும் ஐஸ் ஒட்டிய பெட்டியையும் பிடிக்கிற நமக்குக் கடைசி இரண்டு எண்களும்தான் முக்கியம்.

உள் கிளவுஸ் தனியாகக் கழன்று வருகிறது, துவைத்துக் காயப்போடலாம். லேபிளில் பேனா பிடித்து எழுத வேண்டுமென்றால் மேலுறையை மட்டும் கழற்றுகிறேன். வெறும் கை கூடவே கூடாது, ஈர விரல் இரும்பில் பட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும்.

ஜாக்கெட் பரவாயில்லை ரகம். சூடு நிற்கிறது. ஆனால் நீளம் பத்தாது, கீழ் வரிசைப் பெட்டிக்குக் குனிந்தால் இடுப்பு தெரிகிறது. ஜிப்பின் நுனி சுண்டுவிரல் நகம் அளவு, கிளவுஸ் போட்ட கைக்குச் சிக்கவே சிக்காது. மீன் வலை நைலான் கயிறு ஒரு துண்டு கட்டிவிட்டேன், இப்போது சரி. உள்ளே இன்னொரு சட்டை போட இடம் வேண்டும், ஒரு சைஸ் பெரிதாகவே எடுங்கள். காட்டன் பனியன் வேண்டாம், வியர்வையைக் குடித்துக்கொண்டு ஜில்லென்று முதுகில் ஒட்டும். வியாசர்பாடி பசங்க ஃபுட்பால் ஆடும்போது போடுகிற ஜெர்ஸிதான் தோதாக இருக்கிறது.

ஒன்று, இந்த செட் இருக்கிற தைரியத்தில் பிரேக் எடுக்காமல் உள்ளேயே கிடக்கக் கூடாது. விரல் நுனி வெளுத்து உணர்ச்சி போனால் வெளியே வந்துவிட வேண்டும். பரபரவென்று தேய்க்காதீர்கள், டீக்கடை அடுப்பிலும் காட்டாதீர்கள். மரத்த விரலுக்குச் சூடு தெரியாது, வெந்துபோகும். வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் போதும். கூட வேலை செய்கிறவருக்கு உடம்பு வெடவெடத்துப் பேச்சும் குழறினால் யோசிக்க வேண்டாம், வெளியே இழுத்துவந்து ஈரத்துணியை மாற்றிப் போர்த்திவிட்டு நேரே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

ஜாக்கெட் 2,400 ரூபாய் சொன்னார், பேசி 2,100க்கு எடுத்தேன். கிளவுஸ் 650. அதில் பாய் பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை, எனக்கும் அதில் வருத்தமில்லை. செட்டோடு வரும் பேன்ட்டில் எலாஸ்டிக் இப்போதே தொளதொள, அதை அங்கேயே வைத்துவிட்டேன்.