‘த்ரீ இன் ஒன்’ ராக்கிங் சேர் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

கல்யாண மண்டபத்தில் ஃபர்னிச்சர் கண்காட்சி போட்டிருக்கிறார்கள், தேக்கு ராக்கிங் சேர் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். திருச்சியில் அப்படி ஒரு கண்காட்சியில் நாங்கள் வாங்கிய நாற்காலி இப்போது மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. போன பணம் 24,500 ரூபாய். விற்ற ஸ்டால்காரர்கள் போன இடம் தெரியவில்லை.

பொருள் பார்க்கப் பிரமாதமாகத்தான் இருந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தால் ராக்கிங் சேர். கைப்பிடிக்குக் கீழே இருக்கும் பித்தளை லீவரைத் தூக்கினால் முதுகுப் பக்கம் சாய்ந்து ரிக்ளைனர் ஆகிவிடும். அடியிலிருந்து கால் பலகையை இழுத்து, இரண்டு பக்கமும் மடங்கியிருக்கும் கட்டைகளைத் தரையில் ஊன்றி நிறுத்தினால் ஒரு ஆள் படுக்கலாம். அப்பாவுக்கு மதியம் பேப்பர் படித்தபடியே கண்ணயரும் பழக்கம். அவருக்கென்றே செய்தது என்று வீட்டில் எல்லோருக்கும் பட்டது.

ஸ்டாலில் இருந்த பையன், “உட்காருங்க ஐயா” என்று அப்பாவை உட்கார வைத்து மெதுவாக ஆட்டிவிட்டான். சாய்த்துக் காட்டும்போது மட்டும் அவரை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தான். ஒல்லியான பையன். முதுகு பின்னால் போகும்போது குதிகால் இரண்டையும் தரையில் அழுத்தி வைத்திருந்தான். கீழே கனமான பச்சைக் கம்பளம் வேறு. “ஒரிஜினல் தேக்கு சார், பேரன் காலத்துக்கும் வரும், அஞ்சு வருஷம் வாரண்டி” என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தான்.

வீட்டில் இருப்பது டைல்ஸ் தரை. ஆட ஆட நாற்காலி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து போய் அலமாரியில் இடித்தது. சரி, அடியில் ரப்பர் பட்டை ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டோம். ஆனால் ஒரு மதியம் அப்பா லீவரைத் தூக்கிச் சாய்ந்ததும் மொத்த நாற்காலியும் பின்பக்கமாகக் கவிழ்ந்துவிட்டது. பின்னால் கட்டில் இருந்ததால் தலை மெத்தையில் விழுந்தது. முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அந்த இடத்தில் அலமாரி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

ஏன் கவிழ்ந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் கடையில் கண்ணுக்குத் தெரியாத விஷயம். ராக்கிங் சேரின் அடிக்கட்டை ஒரு பெரிய வட்டத்தின் துண்டு. அந்த வட்டத்தின் மையம், உட்கார்ந்திருப்பவரின் உடல் எடை குவியும் புள்ளிக்கு மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் எவ்வளவு ஆடினாலும் நாற்காலி தானாகத் திரும்பி வரும். முதுகைச் சாய்த்ததும் அந்த எடைப் புள்ளி பின்னால் நகர்ந்துவிடும். அதைத் தாங்க அடிக்கட்டையின் வால் பின்பக்கம் நீளமாக இருக்க வேண்டும், அல்லது சாய்க்கும்போது ஆட்டத்தை நிறுத்தும் பூட்டு இருக்க வேண்டும். எங்கள் நாற்காலியில் வால் பின்காலைத் தாண்டி ஒரு சாண்கூட வரவில்லை. பூட்டும் இல்லை. பக்கவாட்டுக் கட்டைகளை இறக்கினால்தான் அசையாமல் நிற்கும், ஆனால் உட்கார்ந்தபடி குனிந்து அவற்றை இறக்கவே முடியாது. முதலில் இறங்கி, கட்டையை நிறுத்தி, அப்புறம் ஏறிச் சாய வேண்டும். அதை அந்தப் பையன் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஆடுவதையும் சாய்வதையும் ஒரே நாற்காலியில் சேர்ப்பது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. அமெரிக்காவின் லா-இசட்-பாய் நிறுவனம் 1961இலேயே அப்படி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. இப்போது நல்ல கடைகளில் கிடைக்கும் ராக்கர் ரிக்ளைனர்களைக் கவிழ்த்துப் பாருங்கள். அடித்தளம் தரையில் தட்டையாக நிற்கும், மேலே இருக்கை மட்டும்தான் ஆடும். கால் பலகையை நீட்டியதும் ஆட்டம் நின்றுவிடும். வளைந்த கட்டையின் மேல் அப்படியே ரிக்ளைனரை ஏற்றி வைப்பதுதான் வினை.

கவிழ்ந்ததில் ஒரு அடிக்கட்டை முனையில் பிளந்துவிட்டது. எங்கள் தெரு ஆசாரி வந்து பார்த்தார். நேரான பலகையில் வளைவை வரைந்து அறுத்து எடுத்திருக்கிறார்கள். அப்படி அறுத்தால் நடுவில் மரத்தின் ரேகை நீளவாக்கில் ஓடும், வளைந்து மேலேறும் முனைகளில் குறுக்கே போய்விடும். பாரம் விழுந்ததும் அந்த இடத்தில்தான் பிளக்கும். “இத வளைக்கணும் தம்பி, இல்லன்னா தகடு தகடா ஒட்டணும். அறுத்தா நிக்காது” என்றார். வியன்னாவில் மைக்கேல் தோனெட் என்ற நாற்காலித் தயாரிப்பாளர் 1860 வாக்கிலேயே பீச் மரத்தை நீராவியில் வேகவைத்து வளைத்துத்தான் ராக்கிங் சேர் செய்தார். மெல்லிய மரத் தகடுகளைப் பசை வைத்து அச்சில் வளைத்து ஒட்டுவது இன்றைய வழி. நாற்காலியைப் பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் அந்த அடுக்குகள் தெரியும்.

தேக்கு என்றார்களே? ஆசாரி இருக்கைக்கு அடியில், பாலிஷ் சரியாகப் போகாத இடத்தில் உளியால் லேசாகச் சுரண்டினார். வெளிறிய மரம். இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி துண்டு துண்டாக இணைத்திருந்தார்கள். ரப்பர் மரம். ரப்பர் மரம் மோசமில்லை, வீட்டுக்குள் வைக்கிற சாமான்களுக்கு நன்றாகவே உழைக்கும். அதைத் தேக்கு நிறத்தில் சாயமேற்றித் தேக்கு விலைக்கு விற்றதுதான் மோசடி. ‘40 டென்சிட்டி’ (ஃபோமின் அடர்த்தி) என்று லேபிள் போட்ட மெத்தையின் ஜிப்பைத் திறந்தால் உள்ளே கலர் கலராக ஒட்டுத் துண்டு ஃபோம்.

போன் செய்தால் முதலில் “ஓனர் ஊர்ல இல்ல சார்”. பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். அதற்கப்புறம் நம்பரே உபயோகத்தில் இல்லை. பில் என்று கொடுத்த தாளின் தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்று இருக்கிறது. அதிலிருக்கும் ஜிஎஸ்டி எண்ணை எண்ணிப் பார்த்தேன், 14 எழுத்துதான். உண்மையான எண்ணில் 15 இருக்கும், தமிழ்நாட்டில் பதிவு செய்ததென்றால் 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் போட்டால் யாருடையது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வாரண்டி அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘மரம், துணி, ஃபோம் நீங்கலாக’ என்று போட்டிருக்கிறது. அப்படியானால் மிச்சம் அந்த லீவர்தான்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்து அடங்கிவிடாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் நியாயமற்ற வணிக முறைதான். திரும்ப எடுப்பதற்குப் பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதில் தீராவிட்டால், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். எதிர்த்தரப்பு முகவரிக்கு எங்கே போவது என்பதுதான் எங்களுக்குத் தலைவலியாக இருந்தது. மண்டபத்துக்காரரிடம் கேட்டதில், வாடகைக்கு எடுத்தவரின் முகவரி கிடைத்தது. அவரையும், யுபிஐயில் பணம் போன கணக்கின் பெயரையும் சேர்த்து மனு கொடுத்திருக்கிறோம். விசாரணைக்கு இன்னும் வரவில்லை.

அடுத்து எந்த ஊரில் கடை போடுவார்களோ தெரியாது, பேனரில் பெயரும் மாறியிருக்கும். பித்தளை லீவர், பின்காலோடு நின்றுவிடும் அடிக்கட்டை, பச்சைக் கம்பளம், இந்த மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால் கம்பளத்தை விட்டு வெறுந்தரையில் இறக்கி வைக்கச் சொல்லி, உங்கள் வீட்டிலேயே கனமான ஆளை உட்கார வைத்து, காலைத் தூக்கிக்கொண்டு சாயச் சொல்லுங்கள். பின்னால் இரண்டு பேர் பிடிக்க நிற்கட்டும். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அந்த எஸ்டிமேட் தாளையும் பணம் கட்டிய ஸ்கிரீன்ஷாட்டையும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள். நாலைந்து பேர் சேர்ந்து போனால் ஆணையத்தில் வழக்கு இன்னும் பலமாக நிற்கும்.