கேட், ஜிமேட், டான்செட்: எம்பிஏவுக்கு எதை எழுதுவது?

போன ஆடியில் சித்தி மகள் திருமங்கலத்திலிருந்து கூப்பிட்டாள். பி.காம். கடைசி வருடம். "அண்ணே, எம்பிஏ படிக்கலாம்னு இருக்கேன். கேட், ஜிமேட், டான்செட், இந்த மூணுல எது ஈஸி?" என்று கேட்டாள். மூன்றையும் எழுதியவன் என்பதால் என்னைக் கேட்கிறாள். கேட்டும் டான்செட்டும் 2019-20ல், கல்லூரி முடிக்கும் வருடத்தில் எழுதினேன். ஜிமேட் ஐந்து வருடம் வேலை பார்த்த பிறகு. (இங்கே கேட் என்பது ஐஐஎம் எனப்படும் மத்திய அரசின் மேலாண்மைக் கல்லூரிகளுக்கான தேர்வு. பொறியியல் மாணவர்கள் எழுதும் இன்னொரு கேட் வேறு.)

எது ஈஸி என்று கேட்டால் பேச்சு எங்கேயும் போய்ச் சேராது. மூன்றும் வேறு வேறு வாசலுக்குச் சாவி. எந்த வீட்டுக்குள் போக வேண்டும் என்று முதலில் தெரிய வேண்டும்.

வாசல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஐஎம்களின் இரண்டு வருடப் படிப்புக்கு கேட். 2011-ல் தொடங்கிய திருச்சி ஐஐஎம்மும் அதில் அடக்கம். சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடி ஆகியவற்றின் எம்பிஏவுக்கும் அதுதான். அண்ணா பல்கலைக்கழகத் துறைகளுக்கும், தமிழ்நாட்டின் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளுக்கும், சுயநிதிக் கல்லூரிகளின் கவுன்சிலிங் இடங்களுக்கும் டான்செட். வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கும், சில வருடம் வேலை பார்த்தவர்களுக்கான ஒரு வருடப் படிப்புகளுக்கும் ஜிமேட். அகமதாபாத் ஐஐஎம்மின் ஒரு வருடப் படிப்புக்குக் குறைந்தது நான்கு வருட அனுபவம் வேண்டும். அங்கே கேட் மதிப்பெண்ணைப் பார்ப்பதில்லை, ஜிமேட் அல்லது ஜிஆர்இ (மேற்படிப்புக்கான இன்னொரு சர்வதேசத் தேர்வு) கேட்கிறார்கள். இந்த ஒரு பத்தியிலேயே பாதிப் பேருக்கு முடிவு கிடைத்துவிடும். கல்லூரியை விட்டு இன்னும் வெளியே வராத என் தங்கைக்கு ஜிமேட் இப்போதைக்குத் தேவையில்லை என்று அன்றே சொல்லிவிட்டேன்.

ஆனால் இரண்டு மூன்று வருட அனுபவம் உள்ளவர்களுக்கு கேட்டா ஜிமேட்டா என்பது உண்மையான கேள்வி. அவர்களுக்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன். கணக்கு, ஆங்கிலம், தரவு என்று பாடத்திட்டத்தில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்தால் இரண்டும் எதிரெதிர்.

கேட்டில் கேள்விகளை விட்டுவிடத் தெரிய வேண்டும். இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண், தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வியில் தவறினால் 1 குறையும். சமீப வருடங்களில் மொத்த மதிப்பெண்ணில் பாதிகூட எடுக்காமலே 99 பெர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 99 பேரை முந்தும் இடம், வாங்கியிருக்கிறார்கள். அந்த வினாத்தாள் முழுதாக முடிப்பதற்கென்று எடுக்கப்பட்டதே இல்லை. நமக்கு இது லேசில் பிடிபடாது. பத்தாம் வகுப்பிலிருந்து "தெரியலைன்னாலும் ஏதாவது எழுதிட்டு வா, ஒண்ணையும் விட்டுடாதே" என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பொதுத் தேர்வில் மதிப்பெண் தந்த அதே பழக்கம் இங்கே மதிப்பெண்ணைத் தின்கிறது.

நான் எழுதிய வருடம் கேட் மூன்று மணி நேரமாக இருந்தது. 2020-லிருந்துதான் இரண்டு மணி நேரம். தரவுப் பகுதிக்கு ஒரு மணி நேரம் இருந்தும், ஒரே ஒரு செட்டில் (ஒரே விவரத்தை வைத்து வரும் சில கேள்விகளின் தொகுப்பு) இருபத்தைந்து நிமிடத்தை விட்டேன். யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது போன்ற கணக்கு. கட்டம் போட்டு, அடித்து, மறுபடி போட்டு, கடைசிக் கட்டம் நிரம்பவே இல்லை. அதை விட்டுவிட்டு வேறு செட்டைப் பார்த்தபோது அதில் இரண்டு நேரடியாகவே போடக்கூடியவை. பகுதிக்கான நேரம் முடிந்தது, திரை அடுத்த பகுதிக்குப் போய்விட்டது. திரும்பி வர வழியில்லை.

அதனால் கேட்டுக்குப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தரவுப் பகுதியைத் திறந்ததும் முதல் ஐந்து நிமிடம் பேனாவைக் கீழே வையுங்கள். எல்லா செட்டையும் வாசித்துவிட்டு, போடப்போகும் இரண்டைத் தேர்ந்தெடுங்கள். மூன்றாவது கிடைத்தால் லாபம். மாக் டெஸ்ட் எழுதி முடித்ததும் எத்தனை சரி என்று எண்ணுவதோடு நிற்காமல், எதை விட்டிருக்க வேண்டும் என்றும் எண்ணுங்கள். நான் பார்த்தவரை கோச்சிங் வகுப்புகளில் சூத்திரம் சொல்லித் தருகிற அளவுக்கு இதைச் சொல்லித் தருவதில்லை.

ஜிமேட்டில் விடவே முடியாது. இந்தக் கேள்விக்கு விடை தராமல் அடுத்தது திரையில் வராது. நீங்கள் போடப் போட, அதற்கேற்ப அடுத்த கேள்வியின் கடினம் மாறும். கணக்கில் 21, மொழியில் 23, தரவில் 20 என 64 கேள்விகள், பகுதிக்கு 45 நிமிடம். ஒரு கேள்விக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம்தான். முடிக்காமல் விட்டால் மதிப்பெண் நன்றாகவே இறங்கும். எனவே இங்கே வேண்டியது சீரான நடை. இரண்டரை நிமிடம் தாண்டியும் வழி தெரியவில்லை என்றால், இருப்பதில் நல்லதை அழுத்தி, குறி வைத்துவிட்டு நகர வேண்டும். பகுதி முடிவில் நேரம் மிச்சமிருந்தால் திரும்பி வந்து மூன்று விடைகள் வரை மாற்றிக்கொள்ளலாம்.

கேள்வியின் குணமும் வேறு. ஒரு முழு எண் 6-ஆல் வகுபடுமா என்று கேட்பார்கள். அது 2-ஆல் வகுபடும் என்பது ஒரு தகவல், 3-ஆல் வகுபடும் என்பது இன்னொன்று. அந்த எண் எதுவென்று கண்டுபிடிக்க வேண்டாம். எந்தத் தகவல் இருந்தால் பதில் சொல்லிவிட முடியும் என்பதுதான் கேள்வி. தனித்தனியாகப் போதாது, இரண்டும் சேர்ந்தால் போதும். வேலையில் ஐந்து வருடம் கழித்த எனக்கு இது பிடித்துப்போனது. அலுவலகத்தில் தினமும் செய்வது இதுதானே, முடிவெடுக்க இந்த விவரம் போதுமா போதாதா என்று பார்ப்பது.

இன்னொன்று, பழைய புத்தகம் கைமாறி வந்தால் பார்த்து வாங்குங்கள். 2023 நவம்பரில் ஜிமேட் புது வடிவத்துக்கு மாறியது. கட்டுரை, வாக்கியத் திருத்தம், வடிவியல் மூன்றும் போய்விட்டன. மதிப்பெண் அளவு 205 முதல் 805 வரை. சீனியர்கள் சொல்லும் 700-க்கு நிகர் இப்போது சுமார் 645. இது தெரியாமல் 645 வாங்கிவிட்டு மனமுடைந்து இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

கேட்டுக்குக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பழகிய கை எனக்கு. ஜிமேட் மையத்தில் தந்தது அழித்து எழுதும் பலகைத் தாளும் மார்க்கரும். முனை தடிமன், எழுத்து பெரிதாகிறது, ஒரு கணக்குக்கே பாதிப் பக்கம் போய்விடுகிறது. தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே ஒரு மார்க்கர் வாங்கி வீட்டில் பழகுங்கள். கால்குலேட்டரும் அப்படித்தான். கேட்டில் திரையிலேயே உண்டு. ஜிமேட்டில் தரவுப் பகுதிக்கு மட்டும்தான், கணக்குப் பகுதியில் மனக்கணக்கு.

பணமும் காலமும் அடுத்தது. 2025-ல் கேட்டுக்கு 2600 ரூபாய், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு அதில் பாதி. ஜிமேட் மையத்தில் எழுத 275 டாலர், ரூபாயில் இருபதாயிரத்துக்கு மேல். ஆனால் ஜிமேட் மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும், பதினாறு நாள் இடைவெளியில் மறுபடி எழுதலாம், பன்னிரண்டு மாதத்தில் ஐந்து முறை வரை. கேட் வருடத்தில் ஒரே ஒரு நாள், வழக்கமாக நவம்பர் கடைசி ஞாயிறு. நம் ஊரில் அது மழையும் புயலும் காய்ச்சலும் உள்ள காலம். 2020-ல் நிவர் புயல் நவம்பர் 25 இரவு கரையைக் கடந்தது, கேட் 29-ஆம் தேதி. மையத்துக்கு ஊர்களை வரிசைப்படுத்தும்போது முந்தின நாள் இரவு தங்க ஆள் இருக்கிற ஊரை முதலில் போடுங்கள்.

டான்செட்டைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதைக் குறைத்துப் பேசுகிறார்கள். 100 கேள்வி, இரண்டு மணி நேரம், தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் குறையும். வீட்டுக்கு ஒரே பிள்ளை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஊரை விட்டுத் தூரம் போக முடியாது என்கிறவர்களுக்கு, ஐஐஎம் கட்டணத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாதவர்களுக்கு, கவுன்சிலிங் வழியாக அரசுக் கல்லூரியில் கிடைக்கும் இடம் பெரிய விஷயம். மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீடும் அதில் உண்டு. ஜிமேட்டில் வரும் அந்தத் "தகவல் போதுமா" கேள்வி டான்செட்டிலும் வரும். கேட்டுக்கு ஒழுங்காகப் படித்தவர்கள் வழக்கமாக மார்ச் வாக்கில் வரும் டான்செட்டுக்கு, இது போலக் கேட்டில் வராத வகைகளை மட்டும் தனியாகப் பழகினால் போதும். அதனால் கேட், டான்செட் இரண்டையும் சேர்த்து எழுதுங்கள் என்பேன். கேட், ஜிமேட் இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டாம். ஒன்று விடச் சொல்லும், மற்றது விடாதே என்னும், கை குழம்பிவிடும்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் படிப்பில் சறுக்காமல் காகிதத்தில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, நம் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் டான்செட் கவுன்சிலிங்குக்குப் போதும், கேட்டுக்குப் போதாது. அங்கே மத்திய அரசு வடிவில் ஓபிசி கிரீமிலேயர் அல்லாதோர் சான்றிதழ் வேண்டும், அதுவும் விண்ணப்பிக்கும்போதே. இரண்டாவது, இனிஷியல். ஜிமேட்டுக்குப் பதியும் பெயர் கையில் கொண்டுபோகும் அடையாள ஆவணத்தில் இருப்பது போலவே இருக்க வேண்டும். மார்க் ஷீட்டில் ஓர் எழுத்தாக இருக்கும் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் முழுதாக விரிந்திருக்கும். பணம் கட்டும் முன் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தங்கை அன்று சாயங்காலமே இ-சேவை மையத்தில் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டாள். கையில் வந்த பிறகுதான் கேட் விண்ணப்பத்தை நிரப்பினாள், முதல் ஊராக மதுரையைப் போட்டு.