சென்னையை அறிய எதில் ஏறலாம்: மெட்ரோ, பறக்கும் ரயில், மாநகரப் பேருந்து

சென்னையைச் சுற்றிப் பார்க்க வருபவர்களிடம் எல்லோரும் சொல்வது "மெட்ரோவில் போய்விடுங்கள்" என்பதுதான். விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல் வர அது சரி. ஊரை அறிய அது மட்டும் போதாது. பழைய சென்னைக்குள் மெட்ரோ முழுக்க நிலத்தடியில் ஓடுகிறது. ஏறிய இடமும் இறங்கிய இடமும்தான் தெரியும், நடுவில் இருக்கும் ஊர் தெரியாது. எந்த வண்டி வேகமானது என்பதைவிட, எது எந்தத் தெருவின் வாசலில் இறக்கிவிடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

இந்த ஊர் ஒரே இடத்திலிருந்து வளர்ந்ததும் அல்ல. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கோட்டை கட்ட நிலம் வாங்கியபோது, மயிலாப்பூர் சம்பந்தராலும் அப்பராலும் பாடப்பட்டு ஆயிரம் ஆண்டு ஆகியிருந்தது. திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலக் கல்வெட்டு இருக்கிறது. சாந்தோமில் போர்த்துகீசியர் குடியேறி நூறு ஆண்டுக்கு மேல் கடந்திருந்தது. தனித்தனியாக இருந்த ஊர்கள் பின்னால் ஒட்டிக்கொண்டதுதான் சென்னை. அதனால் வடக்கே ஜார்ஜ் டவுனுக்கு ஒரு வண்டி, தெற்கே மயிலைக்கு வேறொன்று, கடலோரத்துக்கு இன்னொன்று என்று பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஜார்ஜ் டவுனுக்கு மெட்ரோதான்

இங்கே மட்டும் மெட்ரோவுக்குப் போட்டியே இல்லை. சென்ட்ரலில் நீல வழித்தடத்தில் விம்கோ நகர் பக்கம் போகும் வண்டியில் ஏறினால் அடுத்தது உயர் நீதிமன்றம், அதற்கடுத்தது மண்ணடி. மண்ணடியில் இறங்கித் தெற்கு நோக்கி நடந்து உயர் நீதிமன்ற நிலையத்தில் முடிப்பது நல்லது. எதிர்த்திசையில் நடந்தால் வெயில் ஏறும் நேரத்தில் சந்துகளுக்குள் மாட்டிக்கொள்வீர்கள்.

மாநகரப் பேருந்தில் பாரிமுனைக்கு வரலாம். காலை 9 மணிக்கு மேல் என்றால் கடைசி ஒரு கிலோமீட்டருக்கே கால் மணி நேரம் போய்விடும். புறநகர் ரயிலில் கடற்கரை நிலையத்துக்கு வந்தால் ராஜாஜி சாலையைக் கடந்து உள்ளே வர வேண்டும். அது கெடுதல் இல்லை, ஆனால் ஊரின் மையத்தில் இறக்கிவிடுவது மெட்ரோதான்.

மண்ணடியை ஒட்டிய பிரகாசம் சாலையை ஊர்க்காரர்கள் பிராட்வே என்பார்கள். அது முன்பு ஒரு வடிகால் பள்ளம். ஸ்டீபன் போப்பம் என்ற ஆங்கிலேய வழக்கறிஞர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைத் தூர்த்துச் சாலையாக்கினார். பள்ளத்துக்குக் கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. அன்றைய சாதிகள் இரு அணிகளாகப் பிரிந்திருந்தன; அந்த இடங்கை, வலங்கைச் சாதியார் சண்டை முற்றியபோது இடங்கையாருக்குக் கிழக்கும் வலங்கையாருக்கு மேற்கும் என்று கம்பெனி பிரித்து வைத்தது. இன்று சாலையைக் கடக்கும்போது அது தெரியாது. கோயில்களைக் கவனித்தால் தெரியும். இடங்கையைச் சேர்ந்த கைவினைஞரான கம்மாளர் வழிபட்ட காளிகாம்பாள் கோயிலும் கச்சாலீசுவரர் கோயிலும் கிழக்குப் பக்கம்தான் இருக்கின்றன.

அரண்மனைக்காரன் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம் இருக்கிறது. மணிக்கூண்டில் ஆறு மணிகள். உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794-இல் அச்சானது இந்தச் சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் இங்கேயே அடக்கமாகியிருக்கிறார். காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் கதவு சாத்தியிருக்கும். அங்கிருந்து தம்புச் செட்டித் தெரு வழியாகப் பாரிமுனைக்கு வந்தால், டேர் ஹவுஸ் சுவரோரம் ஒரு கல் தூண் நிற்கும். கோட்டைக்கு எதிரே வீடு கட்டக்கூடாத வெளியின் எல்லையைக் காட்ட நட்ட ஆறு தூண்களில் எஞ்சியது அது ஒன்றுதான். பிரெஞ்சுக்காரர்கள் 1746-இல் கோட்டையைப் பிடித்து, மூன்று ஆண்டு கழித்துத் திருப்பிக் கொடுத்த பிறகு, எதிரிக்கு மறைவிடம் இருக்கக்கூடாது என்று கோட்டையை ஒட்டிய பழைய கருப்பர் பட்டணத்தை ஆங்கிலேயர் இடித்தார்கள். அங்கே இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதில் போனது. அதற்குப் பதிலாக எழுந்ததே பூக்கடையில் உள்ள சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் இரட்டைக் கோயில். இடித்த நிலத்தின் மேல்தான் 1892-இல் உயர் நீதிமன்றம் எழுந்தது. இந்த மூன்றையும் ஒரே நடையில் பார்த்தால்தான் ஊர் இடம் மாறிய கதை புரியும். நடை மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குள், இரண்டு மணி நேரம் வையுங்கள்.

ஞாயிறா, வேலை நாளா என்று கேட்டால்: ஞாயிற்றுக்கிழமை கட்டடம் தெரியும், வேலை நாளில் மக்கள் தெரிவார்கள். கோடவுன் தெருவில் துணி மூட்டை, ஆண்டர்சன் தெருவில் தாளும் அழைப்பிதழும் என்று தெருவுக்கு ஒரு தொழில். அதைப் பார்க்க வேலை நாள்தான் சரி.

கோட்டையிலிருந்து மயிலைக்குப் பறக்கும் ரயில்

உயர் நீதிமன்றத்திலிருந்து கோட்டைக்கு நடந்தே போகலாம். உள்ளே தலைமைச் செயலகம் இருப்பதால் அடையாள அட்டையும் பைச் சோதனையும் உண்டு. 1680-இல் திறந்த புனித மேரி தேவாலயத்தையும் அருங்காட்சியகத்தையும் விடாதீர்கள். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

பிறகு கோட்டை நிலையத்தில் வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலைப் பிடியுங்கள். குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். மெட்ரோவில் 10 முதல் 50 ரூபாய் வரை. ஆனால் பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. சிந்தாதிரிப்பேட்டை தாண்டியதும் தண்டவாளம் மூன்று மாடி உயரத்தில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டியே போகிறது. சேப்பாக்கம் மைதானமும் திருவல்லிக்கேணி மொட்டைமாடிகளும் ஜன்னலுக்கு நேரே வரும். கீழே ஓடும் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வேலை கொடுப்பதற்காக வெட்டப்பட்டது. பஞ்சத்தில் அடிபட்டவர்கள் தோண்டிய நீர்வழிக்குள்ளேயே பிற்காலத்தில் ரயில் தூண்களை இறக்கியதும், அதனால் கால்வாய் சுருங்கியதும் வருத்தமான விஷயம். மேலிருந்து பார்த்தால் இரண்டும் தெரியும்.

இந்த ரயிலின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வண்டியை விட்டால் அடுத்ததற்கு இருபது நிமிடம்கூட ஆகலாம். நிலையங்கள் பெரிய வெறும் கூடங்கள். மின்தூக்கி ஓடும் என்று நம்பிப் போகாதீர்கள், முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் படிகள் கடினம். இருட்டிய பிறகு தனியாக வருபவர்கள் தவிர்ப்பது நல்லது. பெயரை நம்பி இறங்குவதும் தவறு: கலங்கரை விளக்கம் நிலையத்திலிருந்து உண்மையான கலங்கரை விளக்கம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது.

இறங்க வேண்டியவை இரண்டு. திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலும், ஆற்காட்டு நவாப் குடும்பத்தார் 1795-இல் கட்டிய பெரிய மசூதியும் நடை தூரத்தில் இருக்கின்றன. அடுத்தது திருமயிலை. கடலோரம் இருந்த பழைய கபாலீசுவரர் கோயில் போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது. இப்போது தெப்பக்குளத்தோடு நிற்பது பிறகு எழுந்தது. பார்த்தசாரதி, கபாலீசுவரர் கோயில்கள் இரண்டும் நண்பகல் சாத்தி மாலை 4 மணிவாக்கில் திறக்கும். நேரத்தைக் கணக்கிடாமல் ஒரு மணிக்கு வந்து நிற்பதே பலரும் செய்யும் பிழை. அந்த இடைவெளியைச் சாப்பாட்டுக்கும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் கலங்கரை விளக்கத்திலும் திருமயிலையிலும் நிலையங்கள் வருகின்றன. அந்தப் பணிக்காக லஸ் முனையைச் சுற்றிப் போக்குவரத்தை மாற்றி விட்டிருக்கிறார்கள். அதனால் மயிலைக்குப் பேருந்தைவிட ரயில் நிச்சயமானது.

கடற்கரைக்குப் பேருந்து

மெரினா கடற்கரையை ஒட்டிய காமராசர் சாலைக்கு நேராக வரும் ரயில் எதுவும் இல்லை. சேப்பாக்கத்தில் இறங்கினாலும் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க வேண்டும். சாந்தோமிலிருந்து அண்ணா சதுக்கம் நோக்கிப் பேருந்தில் வந்தால், வலப்பக்கம் மணலும் இடப்பக்கம் ஐஸ் ஹவுஸ், 1768-இல் எழுந்த சேப்பாக்கம் அரண்மனை, பல்கலைக்கழகம் என்று வரிசையாக வரும். உழைப்பாளர் சிலை 1959-இல் நிறுவப்பட்டது. இந்தியாவின் முதல் மே தினத்தை 1923-இல் சிங்காரவேலர் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான்.

சாதாரணப் பேருந்தில் 5 ரூபாயிலிருந்து, சொகுசுப் பேருந்தில் 11 ரூபாயிலிருந்து கட்டணம். சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். பெரம்பூரிலிருந்து ஜெமினி, மயிலாப்பூர், அடையாறு வழியாகப் பெசன்ட் நகர் போகும் 29சி-யில் ஒருமுறை முழுத் தூரமும் உட்கார்ந்து பாருங்கள். ஆலைத் தொழிலாளர் ஊராக இருந்த பெரம்பூரிலிருந்து அடையாறு வரை இந்நகர மக்களைப் பார்க்க அதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஆனால் நெரிசல் நேரத்தில் வேண்டாம்.

கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி உண்டு. திங்கட்கிழமை விடுமுறை; மற்ற நாட்களில் மாலை 5 மணிக்குள் ஏறிவிட வேண்டும். வெள்ளி, திங்கள் இரண்டையும் கழித்தால் எல்லாம் திறந்திருக்கும் வேலை நாள் செவ்வாய், புதன், வியாழன்தான். மேலே நின்றால் தெற்கே சாந்தோம் கோபுரம், வடக்கே துறைமுகம், காலடியில் நொச்சிக்குப்பம். கோட்டை வருவதற்கு முன்பே இந்தக் கரையில் இருந்தவர்கள் மீனவர்கள். அவர்கள் பிடித்த மீன் லூப் சாலைச் சந்தையில் காலையிலேயே விற்றுத் தீர்ந்துவிடும். அதைப் பார்க்க வேண்டுமானால் மறுநாள் 7 மணிக்கு முன் பட்டினப்பாக்கம் பக்கமாக வாருங்கள்.