ஈபாநெட் 2.2: குழாய் வலையமைப்புக் கணக்குக்கு நம்பலாமா?

எந்தக் குழாயில் எவ்வளவு நீர் ஓடும், எந்த முனையில் அழுத்தம் விழும் என்று கணக்கிட, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இலவசமாகத் தரும் மென்பொருள் ஈபாநெட். இங்கே பேசுவது 2020-இல் வந்த 2.2 பதிப்பு.

கணக்கை நம்பலாம். ஒரே நீளமுள்ள 100, 150 மி.மீ. குழாய்களை இணையாகப் போட்டால் இரண்டிலும் ஹெட் லாஸ் (உராய்வால் குறையும் நீரழுத்தம்; மீட்டரில் சொல்வார்கள்) சமமாகும்படிதான் நீர் பிரியும்: ஹேசன்-வில்லியம்ஸ் என்ற இழப்புச் சூத்திரத்தின்படி பெரியதில் 74%, சிறியதில் 26%. இரண்டு குழாய்க்குக் கையாலேயே போடலாம். முப்பது வளையம் உள்ள ஊருக்கு ஹார்டி கிராஸ் என்ற கைக்கணக்கு முறையில் உட்கார்ந்தால் நாள் போய்விடும்; இது நொடியில் முடிக்கிறது.

கெடுப்பது உள்ளீடுதான். ஓட்ட அலகு முதலில் கேலனில் இருக்கும். வரையத் தொடங்கும் முன்பே எல்பிஎஸ் (நொடிக்கு லிட்டர்) ஆக்குங்கள். பிறகு மாற்றினால், கொடுத்து வைத்த எண்கள் தாமாக மாறாது. குழாயின் சொரசொரப்பு எண் (ஹேசன்-வில்லியம்ஸில் வழவழப்பு கூடினால் இந்த எண்ணும் கூடும்) 100 என்று நிற்கும். அது துருவேறிய வார்ப்பிரும்புக்குப் பொருந்தும். புது பிவிசிக்கு 140 போட வேண்டிய இடத்தில் அப்படியே விட்டால் இழப்பு 1.86 மடங்காகக் காட்டும். டார்சி-வைஸ்பாக் சூத்திரத்துக்கு மாறினால் அதே கட்டத்தில் மில்லிமீட்டர் கணக்கு. 140-ஐ விட்டுவைத்தால் விடை முழுக்கக் குப்பை.

விட்டத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். பிவிசியில் 110 என்பது வெளிவிட்டம். உள்விட்டம் 100 உள்ள குழாய்க்கு 110 என்று கொடுத்தால், உண்மையான இழப்பு திரையில் தெரிவதைவிட 59% கூடுதல். 100 மி.மீ. புது பிவிசி குழாயில் 500 மீட்டருக்கு, நொடிக்கு 5 லிட்டர் ஓடினால் 2.3 மீட்டர் இழப்பு. 10 லிட்டரானால் 8.3 மீட்டர். கடைக்கோடியில் இந்த வித்தியாசம்தான் குழாயடிச் சண்டையாகிறது.

வால்வுகளையும் விடாதீர்கள். முழுக்கத் திறந்த கேட் வால்வுக்கு இழப்புக் குணகம் 0.2, குளோப் வால்வுக்கு 10.

எதிர்மறை அழுத்தம் என்று எச்சரித்தால், கேட்ட நீரை அந்த வலையமைப்பால் தர முடியாது என்று பொருள். அப்போது டிமாண்ட் மாடல் என்ற அமைப்பை பிடிஏ (முனையில் உள்ள அழுத்தத்துக்கு ஏற்ப நீர் தரும் முறை) ஆக்குங்கள். 2.2-இன் பெரிய வரவு இதுவே. தேவையான அழுத்தம் 10 மீட்டர் என்று கொடுத்தால், 5 மீட்டர் மட்டுமே உள்ள முனைக்கு 71% நீரே போகும். அந்த எண்ணைக் கொடுக்காமல், முதலில் இருக்கும் 0.1-இலேயே விட்டால் பிடிஏ போட்டும் பயனில்லை.

அழித்ததை மீட்க அன்டூ கிடையாது. அடிக்கடி வேறு பெயரில் சேமியுங்கள். இன்னொரு எல்லையும் உண்டு: குழாய் எப்போதும் நிரம்பியிருப்பதாகவே இது கணக்கிடும். ஒருநாள் விட்டு ஒருநாள் நீர் விடும் ஊரில், வெறுங்குழாய் நிரம்பி மேட்டுத் தெருவுக்கு எத்தனை நிமிடத்தில் நீர் எட்டும் என்பதற்கு இதில் விடை கிடைக்காது. வால்வைத் திறந்ததும் கடைசி இணைப்பில் பிரஷர் கேஜ் மாட்டித்தான் அறிய வேண்டும்.