8-ஆம் நம்பர் முள்ளா, 14-ஆ? மண்புழுவா, மாவா?

மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 கழிந்து சில நாட்களில் தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்கால்களில் கலங்கல் தண்ணீர் வந்து சேரும். பரணில் கிடந்த தூண்டில் கம்புகளை இறக்கும் காலம் அது. முள் வாங்கக் கடைக்குப் போனால் "என்ன நம்பர்?" என்பார் கடைக்காரர். பல வருடங்கள் யோசிக்காமல் "எட்டு" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். சின்ன மீன் பிடிக்க அது தப்பான பதில் என்று புரியவே எனக்கு நாளாயிற்று.

முதலில் நம்பர் கணக்கு. இது தலைகீழாகப் போகும். நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும்: 8-ஐ விட 10 சின்னது, 10-ஐ விட 14 சின்னது. 1-க்கு அப்பால் 1/0, 2/0 என்று போனால் திரும்பப் பெரிதாகும், அதெல்லாம் விராலுக்கும் கடலுக்கும். கம்பெனிக்குக் கம்பெனி அளவில் கொஞ்சம் வித்தியாசமும் உண்டு என்பதால் நம்பரை மட்டும் நம்பாமல் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

ஒரு சாயங்காலம் ஒரே மதகடியில் இரண்டு கம்பு போட்டுப் பார்த்தேன். ஒன்றில் 8, இன்னொன்றில் 14. இரண்டிலும் ஒரே புழு, ஒரே ஆழம். 8 போட்ட கம்பில் தக்கை ஆடிக்கொண்டே இருந்தது, தூக்கினால் வெறும் முள். ஒரு மணி நேரம் மீனுக்கு விருந்து வைத்ததுதான் மிச்சம். 14 போட்டதில் பதினொரு கெண்டை.

காரணம் கெண்டையின் வாயில் இருக்கிறது. அதற்கு வாய்க்குள் பல் கிடையாது, தொண்டையில்தான் பல். அதனால் கடிக்காது. இரையை உறிஞ்சிப் பார்க்கும், ஏதோ உறுத்தினால் அப்போதே துப்பிவிடும். விரல் நீளக் கெண்டைக்கு 8-ஆம் நம்பர் முள் வாய்க்குள்ளேயே நுழையாது, ஓரத்தில் தொங்கும் புழுவைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். 14 அந்த உறிஞ்சலிலேயே உள்ளே போகும், தக்கை அமுங்கும்போது லேசாகச் சுண்டினால் போதும்.

அதற்காக எல்லாவற்றுக்கும் 14 என்று கிளம்பிவிட வேண்டாம். கம்பி மெலிசு. உள்ளங்கை அகல ஜிலேபி மீன் (திலாப்பியா) மாட்டிக்கொண்டு தாமரைக்கொடிக்குள் பாய்ந்தால் முள் நிமிர்ந்துவிடும். ஜிலேபிக்கு 10 சரி. 1952-இல் இந்தியாவுக்குள் கொண்டுவந்த மீன், இன்று அது இல்லாத குளத்தைத் தேட வேண்டும். முட்டையை வாய்க்குள் வைத்து அடைகாக்கும் தாய் ஜிலேபி அந்த நாட்களில் பெரும்பாலும் இரை தொடாது. தண்ணீரில் மீன் கண்ணுக்குத் தெரிந்தும் கடிக்கவில்லையென்றால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், முள்ளை மட்டும் திட்டாதீர்கள்.

முள்ளின் கால், அதாவது வளைவுக்கு மேலே நேராக நிற்கும் கம்பி, நீளமா, குட்டையா? புழு கோப்பதென்றால் நீளக்கால். புழு மேலே வரை ஏறும். மீன் விழுங்கியிருந்தாலும் பிடித்துக் கழற்றக் கம்பி கைக்குக் கிடைக்கும். மாவு உருண்டைக்கு நீளக்கால் தேவையில்லை, மாவுக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும்.

அப்புறம் எதிர்முள், அதாவது நுனிக்குக் கீழே திருப்பிச் சீவிவிட்டாற்போல் நிற்குமே, அது. இருந்தால் மீன் நழுவாது, புழுவும் இறங்காது. ஆனால் அது மீனுக்கும் விரலுக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. எனக்குக் கட்டைவிரலில் ஏறி, வந்த வழியே இழுக்க முடியாமல், டாக்டர் அதை மறுபக்கம் தள்ளி நுனியை வெட்டித்தான் எடுத்தார், கூடவே ஒரு டி.டி. ஊசி. அதிலிருந்து பிள்ளைகளோடு போகும்போது குறட்டால் எதிர்முள்ளை அமுக்கிவிடுகிறேன். தூண்டில் நரம்பைத் தொய்யவிடாமல் இழுத்தால் மீன் அவ்வளவாகத் தப்புவதில்லை.

சரி, இரைக்கு வருவோம்.

மண்புழுவில் இரண்டு வகையும் ஒன்றல்ல. வரப்பில் தோண்டினால் கிடைக்கும் தடித்த புழுவை 14-இல் கோத்தால் முள் மறைந்தே போகும், மீனைக் குத்த நுனி இருக்காது. எருக்குழியில் கிடைக்கும் மெலிந்த சிவப்புப் புழுதான் சின்ன முள்ளுக்கு. அதையும் முழுதாகப் போடாமல் கிள்ளி, வால் அரை விரற்கடைக்கு மேல் தொங்காமல் கோத்துவிடுங்கள். ஈரமண்ணோடு கொட்டாங்குச்சியில் வைத்து நிழலில் வையுங்கள், வெயில் பட்டால் அரை மணியில் செத்துவிடும்.

மாவில்தான் ஆளுக்கொரு ரகசியம். வெறும் கோதுமை மாவு தண்ணீரில் சீக்கிரம் கரையும். மைதா இழுவையாக நிற்கும், ஆனால் வாசம் இல்லை. கடலைப் புண்ணாக்கில் வாசம் உண்டு, முள்ளில் நிற்காது. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு பொடித்த புண்ணாக்கு, கூடவே பிய்த்துப் போட்ட கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நார் மாவைப் பிடித்துக்கொள்ளும், நாலு கொத்து தாங்கும். சப்பாத்தி மாவைவிட இளக்கமாக, இடியாப்ப மாவைவிடக் கெட்டியாகப் பிசையுங்கள். 14-க்கு மிளகளவு, 10-க்கு அதைவிடக் கொஞ்சம் பெரிது. நெல்லிக்காய் அளவு உருட்டிப் போடுகிறவர்கள் மீனுக்குச் சமைத்துப் போடுகிறார்கள். சிலர் பெருங்காயம் சேர்ப்பார்கள். எனக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இரண்டில் எது? தண்ணீரைப் பார்த்துச் சொல்லலாம். புதுத் தண்ணீர் கலங்கலாக ஓடும்போது கரையிலிருந்து புழு பூச்சியெல்லாம் அடித்துக்கொண்டு வரும், மீனும் அதைத்தான் எதிர்பார்த்திருக்கும். அங்கே மாவு எடுபடாது, ஓட்டத்திலேயே கரைந்துபோகும். தெளிந்து நிற்கும் குளத்தில் கதை வேறு. குறிப்பாகப் பாத்திரம் கழுவும் படித்துறை. அங்கே கெண்டைகள் சோற்றுப் பருக்கைக்குப் பழகி, காலை வைத்தாலே வந்து கொத்தும். அந்த இடத்தில் மாவு, அல்லது 16-ஆம் நம்பர் முள்ளில் ஒரே ஒரு பருக்கை. புழுவுக்கும் கடிக்கும்தான், ஆனால் மாவு இருக்கும்போது மண்ணைத் தோண்டுவானேன்?

ஜிலேபி இரண்டையும் எடுக்கும். ஒரே முள், ஒரே இரை என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் 12-ஆம் நம்பர் நீளக்காலும் சிவப்புப் புழுவும் எடுப்பேன்.

கெளுத்திக்கு மாவைக் காட்டவே வேண்டாம். அது மீசையால் ருசி பார்க்கும் மீன், இருட்டிலும் கலங்கலிலும் வரும். இரையை அப்படியே விழுங்குவதால் 10, நீளக்கால். கழற்றும்போது முதுகிலும் இரு பக்கமும் விறைத்து நிற்கும் முட்களைக் கவனியுங்கள், குத்தினால் ராத்திரி முழுக்கக் கடுக்கும். கெளுத்திக்கு இரையாகக் கோழிக்குடலை நூலால் முள்ளில் சுற்றிக் கட்டிப் போடுவது புழுவை மிஞ்சும் என்பார்கள். மிஞ்சத்தான் செய்தது. ஆனால் மீந்த குடலை ஒருமுறை ஃபிரிட்ஜில் வைத்து மறந்துவிட்டேன். அன்றிலிருந்து கெளுத்திக்கும் எங்கள் வீட்டில் மண்புழுதான்.