லாக்கப் வயரிங்: மூன்று வருடம், 46,000 கிலோமீட்டர்

அறுவடை முடிந்துவிட்டால் வயல் எலிக்குப் போக்கிடம் நம் வீடும் கொட்டகையும்தான். மன்னார்குடிப் பக்கம் எங்கள் கொட்டகையில் நின்ற பழைய ஆட்டோமேட்டிக் டீசல் வண்டிக்கு அடியில் ஒரு தை மாதம் எலி புகுந்து, கியர்பாக்ஸுக்குப் போகும் வயரைக் கடித்துவிட்டது. கடிபட்ட வயர் பாடியில் உரசி ஷார்ட் ஆனதில், வண்டியின் கம்ப்யூட்டரான ஈசியுவுக்குள், லாக்கப் சோலனாய்டுக்கு, அதாவது லாக்கப்பை விழவைக்கும் மின்காந்த வால்வுக்கு, கரண்ட் கொடுக்கிற டிரான்சிஸ்டர் போய்விட்டது. நாலு கியரும் ஒழுங்காக மாறின. என்ஜினையும் கியர்பாக்ஸையும் பூட்டிச் சேர்க்கும் லாக்கப் மட்டும் விழவில்லை.

"அது இல்லாமலே ஓட்டலாம்" என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். ஓட்டினேன். என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டரில் என்ஜின் பக்கத்து இறக்கை எண்ணெயைத் தள்ள, அந்த எண்ணெய் கியர்பாக்ஸ் பக்கத்து இறக்கையைச் சுற்றுகிறது. நடுவே எப்போதும் கொஞ்சம் வழுக்கும், வழுக்குவதெல்லாம் சூடாகும். லாக்கப் கிளட்ச் விழுந்தால்தான் இரண்டும் ஒன்றாகச் சுற்றும். விழாமலே ஆறு மாதம் ஓட்டியதில், சிவப்பாக இருந்த ஆயில் கடுங்காப்பி நிறத்துக்கு வந்துவிட்டது. டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் கருகல் வாடை.

வேறு ஈசியு வாங்கக் கட்டுப்படியாகவில்லை. லாக்கப்பை ஸ்விட்சால் நாமே போடலாம், ஆனால் பிரேக் மிதித்தால் அது தானே கழல வேண்டும், இல்லாவிட்டால் என்ஜின் நின்றுவிடும். அதற்கு எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் வழி சொன்னார். "பிரேக் மிதிச்சா லைட் எரியுதுல்ல? அந்தக் கரண்டையே ரிலேக்கு எடுத்துக்கலாம் தம்பி."

டேஷ்போர்டில் ஒரு ஸ்விட்ச். அதிலிருந்து வரும் 12 வோல்ட் ஐந்து பின் ரிலேயின் (கரண்டால் இயங்கும் ஸ்விட்ச்) 30-ம் எண் பின்னில் நுழைந்து, ரிலே இழுக்காதவரை அதோடு சேர்ந்தே இருக்கும் 87ஏ பின் வழியாக சோலனாய்டுக்குப் போகும். ரிலே காயிலுக்கு பிரேக் லைட் வயரிலிருந்து ஒரு கிளை. பிரேக் மிதித்ததும் ரிலே இழுக்கும், 87ஏ விட்டுவிடும், லாக்கப் கழன்றுவிடும். சோலனாய்டை மீட்டரில் பார்த்தபோது 13 ஓம். ஒரு ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும், 3 ஆம்பியர் ஃபியூஸ் தாராளம். சோலனாய்டுக்குக் குறுக்கே, கரண்டை ஒரே திசையில் விடும் ஒரு டயோடு, கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அணையும்போதும் ஸ்விட்ச் முனை பொறியில் தீயும். ஈசியுவிலிருந்து வந்த பழைய வயரை வெட்டித் தனியாக டேப் சுற்றினோம். இரண்டு கரண்டும் சந்திக்கவே கூடாது.

சில கியர்பாக்ஸில் சோலனாய்டுக்கு 12 வோல்ட் எப்போதும் இருக்கும், ஈசியு எர்த் பக்கத்தைத்தான் திறந்து மூடும். அதில் என் வயரிங் அப்படியே ஒத்துவராது. புது வண்டிகளில் கரண்டைத் துடிப்பு துடிப்பாகக் கொடுத்து லாக்கப்பை மெதுவாக விழவைக்கிறார்கள். அதில் ஸ்விட்ச் போடவே போடாதீர்கள்.

முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. இரண்டாம் வருடம் ஐப்பசி மழையில் பின் லைட்டுக்குள் தண்ணீர் இறங்கி பிரேக் லைட் ஃபியூஸ் போயிருக்கிறது. எனக்குத் தெரியாது. தஞ்சாவூரிலிருந்து திரும்பும்போது வடுவூர் தாண்டி, குறுவை அறுத்த வயலுக்குப் போகும் வாத்துக் கூட்டம் ரோட்டைக் கடந்தது. பிரேக் மிதித்தேன். ஃபியூஸ் இல்லாததால் ரிலேக்குக் கரண்ட் போகவில்லை, லாக்கப் கழலவில்லை. வேகம் குறையக் குறைய வண்டி முழுக்க உதறி என்ஜின் நின்றுவிட்டது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. இரண்டாவது முறை மிதித்தபோது பிரேக் பெடலும் இறுகிப்போய்விட்டது. பக்கத்தில் மனைவி. கடைசி வாத்துக்கு நாலடி முன்னால் வண்டி நின்றது.

லாக்கப் விழுவதையே யோசித்து, கழல்வதற்கு ஒரே ஒரு ஃபியூஸை நம்பியிருந்தோம். மறுநாளே அண்ணனிடம் போய், லாக்கப்புக்கான கரண்டையும் அதே பிரேக் லைட் ஃபியூஸுக்குப் பிறகு எடுத்தோம். இனி அந்த ஃபியூஸ் போனால் லாக்கப்பும் சேர்ந்து போகும். 87ஏ-வுக்கு அப்புறம் ஒரு சின்னப் பச்சை எல்இடி வைத்தோம். காலையில் சாவி போட்டு ஸ்விட்சைத் தட்டி பிரேக்கைத் தொட்டால் அது அணைய வேண்டும். அணையாத அன்று லாக்கப் கிடையாது. யார் செய்தாலும் இந்த எல்இடியை விட்டுவிடாதீர்கள்.

பலன்? 80 கிலோமீட்டர் வேகத்தில் 2,150-ல் நிற்கும் ஆர்பிஎம் ஸ்விட்ச் போட்டதும் 1,900-க்கு இறங்கும். கியர்பாக்ஸ் ஆயில் கூலருக்குப் போகும் குழாயில் வைத்த மீட்டர் முன்பு 110 டிகிரி வரை காட்டும், இப்போது 90-ஐத் தாண்டுவதில்லை. மைலேஜ் பத்திலிருந்து பதினொன்றை ஒட்டி வந்திருக்கிறது. ஆனால் இதெல்லாம் தஞ்சாவூர் – திருச்சி நாலுவழிச் சாலையில்தான். திருத்துறைப்பூண்டி ரோட்டில் வாய்க்கால் கரை வளைவும் டிராக்டரும் இருக்க, அறுபதைத் தொடுவதே அபூர்வம். அங்கே ஸ்விட்சைத் தொடுவதில்லை. அறுபதுக்குக் கீழே போட்டால் சீட்டுக்கு அடியில் உறுமல் மாதிரி ஒரு அதிர்வு வரும். ஓவர்டேக் செய்யும் முன்பும் அணைத்துவிட்டுத்தான் ஆக்சிலேட்டரை மிதிப்பேன்.

மழைக்காலத்தில் கியர்பாக்ஸ் கனெக்டரில் பச்சையாகக் களிம்பு ஏறும். வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து கிரீஸ் வைக்கிறேன்.

போன மாதம் க்ரூஸ் கண்ட்ரோல் வண்டிகளில் வரும் நாலு பின் பிரேக் ஸ்விட்ச் ஒன்று கிடைத்தது. அதில் ஒரு ஜோடி பின்னுக்கு இடையிலான இணைப்பு, பெடலை மிதித்ததும் தானே விலகும். லாக்கப் கரண்டை நேராக அதன் வழியே விட்டாகிவிட்டது. ரிலே இப்போது டூல் பாக்ஸில் கிடக்கிறது.