விசியோ படங்களைச் செயல்முறை மென்பொருளுக்குக் கொண்டுவந்த நான்கு ஆண்டு அனுபவம்

மன்னார்குடிக்கு அருகே ஒரு நவீன அரிசி ஆலையின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். நெல் வந்து இறங்குவது முதல் அரிசி மூட்டை லாரியில் ஏறுவது வரை எந்த வேலை யார் கையில், எந்த வரிசையில் நடக்கிறது என்பதை வரைபடமாக வைத்திருப்பது என் பொறுப்பு. தரச்சான்றுக்காக 2009 வாக்கில் மைக்ரோசாப்டின் விசியோ என்ற வரைபட மென்பொருளில் வரைந்த 46 படங்கள் எங்களிடம் இருந்தன. நான்கு ஆண்டுகளுக்கு முன் அவற்றை ஒரு செயல்முறை மாதிரியாக்க மென்பொருளுக்கு, அதாவது வேலை வரிசையை வரைந்து விதிப்படி சரிபார்க்கும் மென்பொருளுக்கு, மாற்றினோம். அதன் பெயரைத் தவிர்க்கிறேன். பிறகு வேறு இரண்டு மென்பொருள்களிலும் இதே படங்களைப் போட்டுப் பார்த்தேன். சிக்கல்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன.

இறக்குமதிப் பொத்தானை அழுத்தினால் ஒரு பிற்பகலில் வேலை முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். குறுவை அறுவடையில் தொடங்கியது சம்பா அறுவடை வரை இழுத்தது.

முதல் தடை சிறியது. பழைய விசியோ கோப்புகள் இரும வடிவத்தில் இருந்தவை. விசியோ 2013 முதல்தான் எக்ஸ்எம்எல் அடங்கிய புதிய கோப்பு வடிவம் வந்தது. எங்கள் மென்பொருள் அதை மட்டுமே ஏற்றது. ஒவ்வொரு படத்தையும் புதிய விசியோவில் திறந்து மறுபடி சேமித்தோம். ஒரு நாள் வேலை.

அடுத்தது தமிழ் எழுத்து. பாதிப் படங்களில் பெட்டிகளுக்குள் இருந்தது பாமினி என்ற பழைய எழுத்துரு. திரையில் தமிழாகத் தெரியும், கோப்புக்குள் இருப்பவையோ ஆங்கில எழுத்துகள். 'நெல்' என்ற சொல் புதிய மென்பொருளில் என், ஈ, ஒய் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து நின்றது. மென்பொருளைக் குறை சொல்ல முடியாது, அதற்குப் பாமினி தெரிய நியாயமில்லை. முழுப் படத்தையும் எழுத்துரு மாற்றியில் போட்டபோது, உண்மையிலேயே ஆங்கிலத்தில் எழுதியிருந்த இயந்திரப் பெயர்களும் தமிழாக மாறிக் குளறிவிட்டன. ஆகவே இந்த மாற்றத்தை விசியோவிலேயே, பெட்டி பெட்டியாக, இறக்குமதிக்கு முன்பே செய்துவிட வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் படங்கள் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது நேரும். எந்தக் கையேட்டிலும் இதைப் பற்றி ஒரு வரிகூட நான் பார்க்கவில்லை.

இனி அம்புகள். நான் அதிகம் கற்றுக்கொண்டது இவற்றிடம்தான்.

விசியோவில் ஓர் அம்பின் நுனியைப் பெட்டியின் இணைப்புப் புள்ளியில் ஒட்டவும் செய்யலாம், பக்கத்தில் சும்மா வைக்கவும் செய்யலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இறக்குமதியில் ஒட்டிய அம்பு மட்டுமே இணைப்பாக வரும். மற்றது எங்கும் சேராத கோடாகத் தொங்கும். புழுங்கல் அரிசிப் பிரிவின் படத்தில் அப்படி ஓர் அம்பு தொங்கியது. ஊறவைத்து அவித்த நெல்லை உலர்த்தியில் காயவைத்த பிறகு ஈரப்பதம் பார்க்க வேண்டும். 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மறுபடி உலர்த்திக்கே போக வேண்டும். அந்தத் திரும்பும் அம்புதான் ஒட்டாமல் நின்றது. ஈரம் சரியாக இறங்காத நெல்லை அரைத்தால் குருணை கூடும் என்பதால் அது மிக முக்கியமான அம்பு.

அதைத் திரையிலேயே இழுத்து ஒட்டிவிட்டுப் போயிருப்பேன். எதற்கும் கேட்டுவிடலாம் என்று படத்தை ஏ3 தாளில் அச்சிட்டு, கொதிகலன் பக்கம் இருக்கும் மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். சாக்கின் மேல் தாளை விரித்து, விரலால் தடவிக்கொண்டே வந்தவர் அந்த இடத்தில் நிறுத்தினார். "இராத்திரி ஷிப்டில் இரண்டாம் முறை ஈரம் பார்ப்பதில்லை, தம்பி. மீட்டர் அலுவலகத்தில் பூட்டியிருக்கும். நெல்லைக் கடித்துப் பார்த்துத்தான் விடுகிறோம்" என்றார். பத்து ஆண்டுகளுக்கு மேலாக அந்தப் படம் சுவரில் தொங்கியது. தணிக்கைக்கு வந்தவர்கள் அதைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் இது தெரியவில்லை. அடுத்த வாரம் உலர்த்திப் பக்கமே வைத்துக்கொள்ள இரண்டாவது ஈரப்பதமானி ஒன்று வாங்கினோம்.

அதன் பிறகு தொங்கும் அம்பு எதையும் நான் திரையில் சரிசெய்வதில்லை. முதலில் கீழே போய்க் கேட்பேன்.

முடிவெடுக்கும் இடங்களைக் காட்டும் சாய்சதுரங்களில் வேறு விதமான இழப்பு. 'ஆம்', 'இல்லை' என்ற சொற்களை அம்பின் மீதே எழுதியிருந்தால் அவை சரியாக வந்தன. எங்கள் படங்களில் பெரும்பாலும் அவை தனி எழுத்துப் பெட்டிகள். அவை குறிப்புகளாக ஓரத்தில் விழுந்தன, அம்புகள் பெயரற்றுப் போயின. எது ஆம், எது இல்லை என்பது மென்பொருளுக்குத் தெரியாது. இவற்றைக் கையால் எழுதி முடிக்கவே இரண்டு வாரம் ஆனது.

மற்றொரு பிழை உண்மையில் எங்களுடையது. விவசாயிக்கும் ஆலைக்கும் நடுவே தொடர்ச்சியான கோடுகள் போட்டிருந்தோம். செயல்முறைகளை வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறையான பிபிஎம்என் விதிப்படி ஒவ்வொரு தரப்புக்கும் பூல் எனப்படும் தனிக் கட்டம் உண்டு. வேலை வரிசையைக் காட்டும் கோடு ஒரு பூலைத் தாண்டி இன்னொன்றுக்குள் போகக் கூடாது, நடுவே போகக்கூடியது செய்தியைக் காட்டும், இடைவெளி விட்டு விட்டு வரையும் கோடு மட்டுமே. சரிபார்ப்பில் இதற்காக வரிசையாகச் சிவப்புப் பிழைகள் வந்தபோது எரிச்சல் பட்டேன். யோசித்தபோது விதிதான் சரி என்று தெரிந்தது. நெல்லை எப்போது கொண்டுவருவது என்று விவசாயி முடிவு செய்கிறார். நாங்கள் தகவல் சொல்லலாம், அவருடைய வேலை வரிசையை நடத்த முடியாது.

எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நேரடி நெல் கொள்முதலில் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17 சதவீதம். குறுவை அறுவடையின்போது வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட ஆண்டுகளில் மத்திய அரசு அதைத் தளர்த்தியிருக்கிறது. அரவைக்கு நெல் வாங்கும் எங்களுக்கு அது உடனே தெரிய வேண்டும். 17 என்ற எண்ணோ ஆறு படங்களின் சாய்சதுரங்களுக்குள் பதிந்து கிடந்தது, ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒன்றைத் திருத்த மறந்துவிடுவோம். இப்போது அந்த எண்ணை வெளியே எடுத்து, முடிவு விதிகளைத் தனியே எழுதும் டிஎம்என் முறையில் ஒரே முடிவு அட்டவணையாக வைத்திருக்கிறோம். ஆறு படங்களும் அதையே பார்க்கின்றன. பருவத்துக்குப் பருவம் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். பழைய படத்தை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் இது கிடைத்திருக்காது.

மென்பொருள் மாற்றும்போது என்ன ஆகும் என்பதையும் இரண்டாம் ஆண்டில் பார்த்தேன். பிபிஎம்என் 2004இலேயே வெளிவந்தாலும், படத்தை மென்பொருளுக்கு மென்பொருள் எடுத்துச் செல்ல அதற்கே உரிய பொதுவான கோப்பு வடிவம் 2011இல் வந்த 2.0 பதிப்பில்தான் கிடைத்தது. 2013இல் அது ஐஎஸ்ஓ 19510 என்ற தரநிலையும் ஆனது. கோப்பை நோட்பேடில் திறந்தால் இரண்டு பகுதிகள் தெரியும்: எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பது ஒன்று, எந்தப் பெட்டி திரையில் எங்கே என்ற அளவுகள் மற்றொன்று. ஒருமுறை ஏற்றுமதியில் இரண்டாவது பகுதி விடுபட்டுப் போனது. வேலைகள் எல்லாம் கோப்புக்குள் பத்திரமாக இருந்தும், காட்ட வரைபடம் இல்லை என்ற செய்தியோடு வெற்றுத் திரை வந்தது. மூச்சே நின்றுவிட்டது. அன்று முதல் எந்த ஏற்றுமதிக் கோப்பையும் கட்டணமற்ற வேறொரு கருவியில் திறந்து பார்த்த பிறகே பழையதை அழிக்கிறேன்.

இன்று யாராவது கேட்டால், பத்துப் பெட்டிகளுக்கு உட்பட்ட படங்களை இறக்குமதி செய்யவே வேண்டாம் என்பேன். புதிதாக வரைவது விரைவு. பெரிய படங்களுக்கு இறக்குமதி நிச்சயம் உதவும். பெட்டிகளையும் பெயர்களையும் மறுபடி தட்டச்சு செய்யும் வேலை மிச்சம். பல பக்கங்களில் நீளும் படங்களுக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். 'அடுத்த பக்கம்' என்று காட்டும் வட்டங்கள் எங்களுக்கு ஒன்றுகூடச் சரியாக வரவில்லை; பக்கத்துக்கு ஒரு செயல்முறையாகத் துண்டு துண்டாக வந்தன.

46 படங்களில் 31 இப்போது புழக்கத்தில் இருக்கின்றன. 12 படங்களைக் கைவிட்டோம், அந்த வேலைகளே ஆலையில் இல்லை. மீதி மூன்றும் தவிடு, உமி விற்பனை பற்றியவை. தாளடி நெல் வருவதற்குள் அவற்றை அச்சிட்டு எடைமேடைக்குக் கொண்டுபோக வேண்டும்.